அறுபதுக்குக் கீழே

அன்பு மருமகள் ஷாலினிக்கு,

சாம்பியன் ரீப்ஸிலிருந்து மாமா அசோகன் எழுதுவது. பெங்களூரில் நீயும் சஞ்சய்யும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நானும் சுகம்தான், உன் அத்தை மூன்று நாளாக என்னோடு பேசவில்லை என்பதைத் தவிர. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் கடிதம்.

இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுக்க வண்டி வருகிறது, அறுபதாம் லெவலிலும் அதற்குக் கீழேயும் இருந்தவர்களை மட்டும் கூப்பிடுங்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். நீ கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்த பெயர்களிலிருந்து ஆளைப் பொறுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "கீழேன்னா < இந்தக் குறி, மேலேன்னா > இந்தக் குறி, அவ்ளோதான் மாமா" என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? லெவல் < 60 என்று போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் வரிசையில் ஐந்தாம் லெவல், பத்தாம் லெவல் ஆட்கள், லெவல் பூஜ்ஜியம் என்று பதிவான கேன்டீன் தங்கம்மா! "நான் குடிச்சதெல்லாம் போண்டா புகைங்க" என்று டாக்டரிடம் சொல்கிறாள். ஆழத்தில் கல்தூசி தின்ற ஒருவருக்கும் அழைப்பில்லை. தொண்ணூற்றெட்டாம் லெவலில் இருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லும் உன் அத்தையின் அண்ணன் சாம்ராஜ் இருமிக்கொண்டே வந்து, "இன்னா மாப்ளே, என்னிய மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். "எங்கண்ணன் இன்னா, மேலயா வேலை பாத்தாரு?" என்றாள் உன் அத்தை நாகம்மா. அதுதான் அவள் கடைசியாகப் பேசியது.

நான் செய்தது என்னம்மா தப்பு? எழுபது அறுபதுக்குக் கீழேதானே? சுரங்க லிஃப்ட்டு கேஜில் இறங்கின யாரை வேணாலும் கேளு, இறங்க இறங்க நம்பர் ஏறும். உன் கம்ப்யூட்டர் ஒரு நாளும் ஷாஃப்ட்ல இறங்கினதில்லை போலிருக்கு. வர்ற ஞாயிறு வண்டி கடைசித் தடவையா வருது. மச்சான் இருமுறது தெருமுனை வரைக்கும் கேக்குது. அதுக்குள்ள அந்த மெஷினுக்குக் கீழேன்னா இன்னான்னு புரியவை.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். ஜெய்பீம்.

உன் மாமா,
அசோகன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் குறியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். லெவல் > 60. ஆழத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், சாம்ராஜைத் தவிர. பதறிப்போய் அவர் பதிவைத் திறந்தேன். லெவல் 60. சரியாக அறுபது! குறிக்குப் பக்கத்தில் ஒரு = போட்டேன், மச்சான் வந்துவிட்டார். ஆகவே கம்ப்யூட்டரைத் திட்டியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. மச்சான் விஷயத்தை மட்டும் அத்தையிடம் மூச்சுவிடாதே. அறுபதில் வந்த இருமலும் இருமல்தான். அழைப்புச் சீட்டில் லெவலை எழுதாமல், "ஆழத்தில் வேலை பார்த்தவர்" என்று எழுதி நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.