ஏழொளிப் படுக்கை

கடைவீதி மாடிப்படி முழுக்கப் பெண்கள். கீழே செருப்புக் குவியல். மேலே ஏழொளியார்.

ஊசி இல்லை, வலி இல்லை, உடை களைய வேண்டியதில்லை. தலைமுதல் கால்வரை வெள்ளைப் போர்வைக்குள் படுத்தால் போதும். உடம்புக்குள் இருப்பதை ஏழு ஒளிகள் திரையில் காட்டிவிடும். சிவப்பு என்றால் நோய். தொடர்ந்து வந்து படுத்தால் பச்சையாகும். இதுவரை வந்த எல்லாருக்கும் சிவப்புதான். அதையும் அவருடைய திறமை என்றே மெச்சினார்கள்.

அங்கே வந்துகொண்டிருந்த தையற்காரி ஒருத்திக்கு இடது மார்பில் கட்டி. திசு எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. பரவியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சிகிச்சையைத் தீர்மானிக்கலாம் என்றார் மருத்துவர். கட்டி எங்கெல்லாம் சர்க்கரையை விழுங்கிக்கொண்டு துடிப்பாக இருக்கிறது என்று காட்டுவது பெட் ஸ்கேன். அதை சி.டி. படத்தோடு இணைத்துப் பார்க்கலாம், எம்.ஆர்.ஐ. படத்தோடும் இணைக்கலாம். முன்னது சீக்கிரம் முடியும், நுரையீரலை நன்றாகக் காட்டும். பின்னது மார்பின் மென்திசுவைத் தெளிவாகக் காட்டும், கதிர்வீச்சும் குறைவு. எது இவளுக்குப் பொருத்தம் என்று ஆலோசித்துச் சொல்வதாக அவர் சொல்லியிருந்தார்.

"ஆலோசிக்கிறாங்கன்னா அவங்களுக்கே தெரியலைன்னுதானே அர்த்தம்?" என்றாள் தையற்காரி. ஏழொளியார் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. மருத்துவர்கள் இரண்டு படத்தை ஒட்டவே திணறுகிறார்களாம். இவர் ஏழு படத்தை ஒட்டுகிறாராம். யோசிப்பவரைவிட யோசிக்காதவர்மேல்தான் நமக்கு எப்போதும் நம்பிக்கை அதிகம்.

ஸ்கேனுக்கான மருத்துவமனைத் தேதியை அவள் ஒருமுறை தள்ளிப்போட்டாள். மறுபடியும் தள்ளிப்போட இருந்தபோது அவளுடைய நாத்தனார் வந்து சேர்ந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. எரியாத கடைக்குத் தீ விபத்துப் பணம் கேட்பவர்களோடு பழகியவள். அதனால் சண்டை போடவில்லை.

"அண்ணி, நான் ஒரு ஆளைக் கூட்டிட்டு வரேன். அவளுக்கு அவர் சரியா சொல்லிட்டா, உங்களை நானே தினமும் இங்க கொண்டுவந்து விடறேன்."

"தப்பா சொன்னா?"

"மறுநாளே ஸ்கேன்."

ஏழொளியாரிடம் இரண்டு விதிகள். படுத்தவர் பேசக்கூடாது, ஒளி கலைந்துவிடும். போர்வையை விலக்கக்கூடாது, பெண்களின் மானம். இரண்டும் நாத்தனாருக்கு மிகவும் பிடித்துப்போயின. நடக்க முடியாத உறவுக்காரி என்று சொல்லி, போர்த்திய உருவம் ஒன்றைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து, திரைமறைவில் தானே படுக்க வைத்தாள். அண்ணியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

திரையைப் பார்த்து ஏழொளியார் உச்சுக்கொட்டினார். சிவப்பு. வலது மார்பில் சூடு ஏறியிருக்கிறது என்றார். நல்லவேளை, கைமீறுவதற்குள் வந்துவிட்டீர்கள் என்றார். பிறகு குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

"புகுந்த வீட்டுல பேச்சு வாங்கி வாங்கி மனசுலயே அடக்கிக்கிட்டா, பாவம். தலைவலி விடாம இருக்குமே?"

"அதுக்கு வாய்ப்பில்லைங்க" என்று நாத்தனார் போர்வையை உருவினாள்.

தையற்கடையில் சட்டை மாட்டும் பொம்மை. இடுப்புக்குக் கீழே தலையணைகள். தலை இருக்கவேண்டிய இடத்தில் சுருட்டிய துண்டு.

ஏழொளியார் ஒரு கணம்தான் தடுமாறினார். ஜடப்பொருளுக்கும் ஒளி உண்டு என்று தொடங்கினார். வாசலில் எட்டிப்பார்த்த இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டவும் செய்தார்கள்.

தையற்காரி பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "வாங்கின நாளிலிருந்து இது என் கடையிலதான் நிக்குது. இதுக்குப் புகுந்த வீடு எதுங்க?"

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு மாடிப்படி முழுக்கச் சிரித்தது. ஒரு அம்மா மட்டும், பொம்மையை எடுத்துவிட்டால் அடுத்து தான் படுக்கலாமா என்று விசாரித்தார்.

மறுநாள் பெட்-சி.டி. எடுத்தார்கள். இவளுடைய கேள்விக்கு இது போதும், மார்பை நுணுக்கமாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. தனியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் காரணத்தோடு விளக்கினார். நோய் அக்குள்வரை வந்து நின்றிருந்தது. சிகிச்சை தொடங்கிவிட்டது. தள்ளிப்போட்ட நாட்களில்தான் அங்கே போனதா என்று தையற்காரி கேட்டாள். அதை எந்தப் படமும் சொல்லாதும்மா என்றார் அவர்.

ஏழொளியார் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அங்கே பத்து ஒளியாம். வரிசையில் நிற்பவர்களிடம் யோசியுங்கள் என்றால் நேரமில்லை என்கிறார்கள். அரைநாள் நிற்கிறீர்களே ஐயா, நின்றுகொண்டே யோசியுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.