கப்பலேறி ஓடிப்போனோம்

"காத்தே இல்லாங்காட்டி கட்டுமரம் இன்னாத்த ஓடும்?"

மந்தைவெளி போகும் பஸ்ஸில், காலி மீன்கூடையை மடியில் வைத்திருந்த பட்டினப்பாக்கத்து அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

காரணம் இருக்கிறது. சாந்தோம் பக்கம் ஒரு சின்ன ஆபீஸில் பைபிளை எளிய தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேக்கம் படித்த தாவீது சார் அர்த்தம் சொல்வார். தமிழ் எம்.ஏ. முடித்த நான் வாக்கியத்தைச் சீர் பண்ணுவேன். அப்பாவிடம் படாத பாடு பட்டு வாங்கிய அனுமதி. அந்த வேலை எனக்கு உயிர்.

அன்று எடுத்திருந்தது, ஏசுவின் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோன பவுலின் கடல் பயணம். 'ப்ளெயோ' என்று ஒரு வினைச்சொல். கப்பல் கடலில் செல்வதைச் சொல்வது. முன்னால் 'பாரா' சேர்த்தால் ஓரமாகக் கடந்து செல்வது, 'அபோ' சேர்த்தால் கரையை விட்டு விலகிச் செல்வது.

வெறுமனே 'போனோம்' என்று எழுதினால் மாட்டு வண்டியில் போன மாதிரி இருக்கிறது, நல்ல சொல்லாக யோசித்துச் சாயங்காலம் போன் பண்ணு, நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார்.

தமிழில் கப்பல் ஓடும்! விலகி ஓடினால் ஓடிப்போகும். கிரேக்கம் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு மாமியிடம் உண்டு, நடுக்கூடத்தில். மாமி முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுத்தவர் எதிரில் வாய் திறக்கவே கூசுகிறவள். சுவர்ப்பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்து, ரகசியம் மாதிரி பேசினேன்.

"ஓடிப்போறதுதான் சார் சரி. கப்பலேறி ஓடிப்போனோம்... ஆமா சார், நல்லா யோசிச்சுட்டேன். நீங்க சம்மதம்னா நாளைக்கே முடிச்சுடலாம்."

முறத்தின் சத்தம் நின்றது. நான் கவனிக்கவில்லை.

கடைக்குப் போய்க் காப்பிப் பொடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள் மாமி கொல்லைப்பக்கமாக வந்து போயிருந்தாள். "ஒங்காத்துப் பொண்ணு யாரோ சாரோட கப்பலேறி ஓடப் போறாளாம். நேக்கெதுக்கு வம்பு, காதுல விழுந்துது, சொல்லிட்டேன்."

அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே வந்ததும் அப்பா வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். யார் அந்த சார் என்று கேட்டார். நிம்மதியாக இருக்கட்டுமே என்று, அவர் பேரன் பேத்தி எடுத்தவர் என்றேன்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதெல்லாம் கிரேக்கம் என்று விளக்கினேன்.

"அவ்ளோ தூரமாடி?" என்றாள்.

அப்பா சர்க்கார் ஆபீஸில் ஹெட் கிளார்க். பைலைப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டார். மறுநாள் காலை அவர் முன்னால், நான் பின்னால், சாந்தோம் போனோம்.

தாவீது சார் பவுலைக் காட்டினார், கப்பலைக் காட்டினார், ப்ளெயோவையும் காட்டினார். அப்பா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பவுலோடு கப்பலில் போனவர் எழுதிய இடத்தில், நான் போனில் சொன்னபடி சாரின் கையெழுத்தில், 'கப்பலேறி ஓடிப்போனோம்' என்று இருந்தது.

"விஷயம் புரிஞ்சுது சார். ஆனா இந்த வார்த்தை இருக்கிற ஆபீஸ்ல எம் பொண்ணு இருக்க மாட்டா."

மூலத்துக்கு இதைவிட நெருக்கமான சொல் தமிழிலேயே கிடையாது என்று சார் வாதாடினார். கிரேக்கர்கள் யாரும் மந்தைவெளியில் குடியிருக்கவில்லை என்றார் அப்பா. நான் என் மேஜையைப் பார்த்தேன். இன்றோடு இது போய்விடுமோ என்று இருந்தது.

சார் என்னைப் பார்த்தார். பிறகு சிவப்புப் பென்சிலை அப்பா பக்கம் நகர்த்தினார்.

அப்பா 'ஓடிப்போனோம்' என்பதை அடித்தார். மேலே 'புறப்பட்டோம்' என்று எழுதினார். அடித்த இடத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, தேதியும் போட்டார்.