நாலு ஊரிலும் பூட்டப்பட்ட மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மாப்பிள்ளை வணங்கி எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், அலுவலகத்தின் நாலு ஊர் மெயின்ஃபிரேம் கணினிகள் எல்லோரும் நலம். அந்த நாலில் ஒன்றுகூட என்னை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் என் போனை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் ஓய்வுபெற்ற அன்று, விடைபெறும் உரையை முடிப்பதற்குள் உங்கள் பெயரைக் கணினி அனுமதிப் பட்டியலிலிருந்து நான் நீக்கியது உண்மை. விதி விதிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அன்று நீங்கள் போன போக்கு இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். யார் எதைத் திறக்கலாம் என்ற பட்டியலை மாற்ற நீங்கள் ஊர் ஊராகப் போன் போடுவீர்களே, இனி அந்தத் தொல்லை இல்லை. ஓர் ஊரில் மாற்றினால் நாலு ஊரிலும் தானாக மாறும்படி செய்துவிட்டேன். சோதித்துப் பார்க்க யாரையாவது பூட்டவேண்டுமே, ஒருத்தரும் சம்மதிக்கவில்லை, சரி போகட்டும் என்று என் பெயரையே பூட்டினேன். நாலே விநாடியில் நாலு ஊரிலும் பூட்டிக்கொண்டது மாமா! அலுவலகக் கதவும் அதே பட்டியலைப் பார்ப்பதால், டீ குடிக்கப் போனவன் வரவேற்பறை சோபாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மேலாளர் வந்தார்.

"உங்களை யாருய்யா பூட்டினது?"

"நான்தான் சார்."

"திறக்கிற அதிகாரம் யாருக்கு?"

"அதுவும் எனக்குத்தான் சார்."

ஐந்து மணிக்குள் திறக்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். நாலில் ஒன்றான துறைமுகத்து மெஷினில் மட்டும் உங்கள் பெயர் அதிகாரத்தோடு உயிரோடிருக்கிறது; அன்றைக்கு அங்கே லைன் போயிருந்ததால் என் கை அதுவரை நீளவில்லை. கடவுச்சொல்லை மட்டும் சொல்லுங்கள்; உங்கள் பெயரில் நுழைந்து அங்கே என்னைத் திறந்தால் நாலு ஊரிலும் திறந்துவிடும். திட்டுவதென்றால் திட்டிவிட்டே சொல்லுங்கள். சாப்பாடு கொண்டுவந்த உங்கள் மகளிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் வலியையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
வெளியே நிற்கும் மாப்பிள்ளை

பி.கு.: கடவுச்சொல் வேண்டாம். கடிதத்தைப் படித்த உங்கள் மகள் சிரித்துவிட்டு, "அப்பா எல்லாத்துக்கும் நீங்க வேலைக்குச் சேர்ந்த தேதியைத்தான் வைப்பாரு. தன் கையால ஆளாக்கின பிள்ளைன்னு அவருக்கு அவ்வளவு பெருமை" என்றாள். துறைமுகத்து ஆளுக்குப் போன் போட்டோம். முதல் தடவையே திறந்துகொண்டது. எனக்கே மறந்துபோன தேதி, மாமா. விதிப்படி உங்கள் பெயரை இன்றைக்கே அங்கேயும் நீக்கவேண்டும். நீங்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தால் நீக்குகிறேன். வராவிட்டால் அது அங்கேயே இருக்கட்டும். விதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.