புதன்கிழமைக் கட்லற்

"இறாலோ குடுத்தனீர்?" என்று கேட்டபோது பக்கத்து மெஷினில் தைக்கும் கிளடிஸின் வாயில் குண்டூசி இருந்தது. அதை எடுத்துவிட்டுத் திரும்பவும் கேட்டாள். "ரொஸ்னருக்கோ?"

"ஓம். மனிசனுக்கு என்ர இறால் கட்லற் எண்டால் உயிர்," என்றாள் யோகராணி.

"யூதர் இறால் தொடாயினம். அவையின்ர வேதத்தில விலக்கினது. உமக்கு மாட்டிறைச்சி மாதிரி."

யோகராணியின் தையல் மெஷின் நின்றது.

ரொஸ்னர் கிழவர் அவர்கள் வேலைசெய்யும் திரைச்சீலைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். முந்தின இரவு நித்திரையிலேயே போய்விட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் பனிக்காலத்தில் யோகராணி விரல் விறைத்து ஊசியைப் பிடிக்கமுடியாமல் அழுதபோது, தன் காலடியில் இருந்த ஹீட்டரைத் தூக்கிவந்து அவள் மெஷினுக்குக் கீழே வைத்தவர் அவர்தான். அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை. அந்த நன்றிக்குத்தான் புதன்கிழமை தவறாமல் கட்லற்.

கிழவர் இரண்டு கையாலும் வாங்குவார். ரிஷ்யூக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்து, "வீட்டுக்குப் போய்த் தேநீரோடு" என்பார். மறுநாள் மிளகு பிரமாதம் என்று விமர்சனம் வரும். ஒருமுறை மட்டும் மிகவும் கூச்சப்பட்டு, உப்புக் கொஞ்சம் கூட என்றார். அவளும் குறைத்தாள். ஆகவே மனிதர் சாப்பிட்டார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

யோகராணி வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாதவள். யாராவது தனக்குத் தெரியாமல் மாட்டிறைச்சியைத் தீற்றியிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தாள்.

"அவற்ற மனிசியிட்டைப் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேக்கப்போறன்."

"வாயைப் பொத்திக்கொண்டிரும். செத்தவர் எழும்பி வந்து கேக்கப்போறாரோ?"

"அந்தப் பயம்தான்," என்றாள் யோகராணி.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் மோர்னிங்சைட்டில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து கார் புறப்பட்டது. பின்சீற்றில் பெரிய மலர்வளையம். அவள் மடியில் ஒரு டப்பா கடலை. செத்தவீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சாப்பாடு கொடுக்கவேண்டும் என்பது அவள் அறிந்த முறை. வழி முழுக்க அவள் ஆங்கிலத்தில் மன்னிப்பைப் பாடமாக்கிக்கொண்டு வந்தாள்.

"செத்தவீட்டுக்குப் போறமோ, பொலிசில சரணடையப் போறமோ?" என்று கேட்டார் கணவர் விநாயகமூர்த்தி.

பதர்ஸ்ற் வீதியில் ரொஸ்னரின் அடுக்குமாடி வாசலில் காவலுக்கு இருந்தவர் தமிழர். அன்புராசா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. வளையத்தைக் கண்டதும் எழும்பி வந்தார்.

"தங்கச்சி, அவையின்ர செத்தவீட்டுக்குப் பூக் கொண்டுபோறேல்லை."

வளையம் லிப்டுக்குப் பக்கத்தில் சாத்தப்பட்டது. லிப்டிலிருந்து இறங்கிய ஒரு கிழவி அதைப் பார்த்துத் திடுக்கிட்டு, தன் பெயர் எழுதியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"கடலை மரக்கறிதானே அண்ணை?"

"மரக்கறி எண்டாலும் எங்கட வீட்டுச் சட்டியில அவிச்சதை அவை தின்னாயினம். முழுப் பழம் எண்டால் பரவாயில்லை. டப்பாவை இஞ்ச வையும், நான் பாக்கிறன்."

விநாயகமூர்த்தி ஓடிப்போய் முன்கடையில் அப்பிள் வாங்கிவந்தார். பாவத்தைக் கழுவ வந்தவள் கையில் கடைசியில் ஒரு பை அப்பிள்தான் மிஞ்சியது.

யோகராணி தனியாக மேலே போனாள். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. துக்கவீடு என்பதால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். ரொஸ்னரின் மனைவி உயரம் குறைந்த முக்காலியில் இருந்தாள். சுற்றி இருந்தவர்கள் வாயே திறக்கவில்லை. துக்கக்காரர் பேசும்வரை வந்தவர்கள் பேசுவதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். யோகராணிக்கு அது எப்படித் தெரியும்? விஷயம் இங்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பாடமாக்கியதெல்லாம் மறந்துபோனது.

"மேடம், நான் உங்கட மனிசனுக்கு இறால் குடுத்தனான். புதன்கிழமை புதன்கிழமை. தெரியாமல் குடுத்திட்டன்," என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அவர் சாப்பிட்டாரா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பாவத்தைச் சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்வதா?

"ஓம் மேடம். உப்புக் கூட எண்டுகூடச் சொன்னவர்."

அறையில் யாரோ இருமினார்கள்.

"வெளியில் ஒரு பிஸ்கட்கூடத் தின்றதில்லை என்று சொல்வார்," என்றாள் அந்த அம்மாள் மெதுவாக. "எனக்கு ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர் என்று நேற்றுத்தான் எல்லார் முன்னாலும் சொன்னேன்." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் யோகராணி தாங்கியிருப்பாள்.

செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவள் அப்பிள் பையை வாசலில் வைத்துவிட்டுச் சொல்லாமலே இறங்கினாள்.

கீழே விநாயகமூர்த்தி வளையத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். "சொல்லிப்போட்டீரோ?"

"ஓம்."

"அப்ப பாரம் இறங்கியிருக்குமே."

இறங்கவில்லை. அது இன்னொருத்தியின் தலையில் ஏறியதைத்தான் அவள் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறாள்.

அன்புராசா வெறும் டப்பாவைக் கழுவித் துடைத்து நீட்டினார்.

"கடலை நல்ல ருசி தங்கச்சி, உப்புத்தான் கொஞ்சம் கூட. ரொஸ்னர் ஐயா தன்ர வாயில வைக்காமல் புதன்கிழமையில எனக்குக் கொண்டுவந்து தந்த கட்லற்றும் முதல் இப்பிடித்தான் இருந்தது, நான் ஒருக்கா அவரிட்டைச் சொல்லிவிட்ட பிறகுதான் அதைச் சுட்ட பொம்பிளை குறைச்சவ."