சுருங்காத அளவு

மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். மூன்றேகாலுக்கே வாசலில் கார் வந்து நின்றதும் பாகூர் ஜவுளிக்கடை சண்முகசுந்தரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகள் அம்சவள்ளியின் பௌதிகக் காகிதங்கள் கூடமெங்கும் கிடந்தன. பெண் எம்.எஸ்சி. என்றதுமே இரண்டு வரன்கள் நழுவியிருந்தன.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இறங்கினார். ஓட்டிவந்த இளைஞனும் இறங்கினான்.

மாப்பிள்ளையே கார் ஓட்டுகிறாரே! சண்முகசுந்தரம் அவன் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்காரவைத்து, கேசரித் தட்டைத் திணித்தார்.

"உங்க பொண்ணப் பாக்கணும். நான் வந்து..." என்று அம்மாள் ஆரம்பித்தார்.

"தெரியும்மா, உக்காருங்க!" என்றபடி காகிதங்களை வாரிச் சுருட்டினார். ஒன்று தவறி அம்மாளின் காலடியில் விழுந்தது. அதை எடுத்தவர் கடைசிவரை படித்தார்.

"இதை எழுதினது யாரு?"

"அதுவா? ஜாக்கெட் அளவும்மா. எதிர்க்கடை டெய்லர் ஆதிமூலம் எழுதினது. எம்பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. சமையல்தான்!"

அம்மாளின் முகம் வாடியது. "அப்ப அந்த டெய்லரைக் கூப்பிடுங்க."

சண்முகசுந்தரம் ஓடினார். கழுத்தில் டேப்போடு ஆதிமூலம் வந்து நின்றார்.

"வேகமாப் போனா நீளம் சுருங்கும், ஆனா ஒரே ஒரு அளவு மட்டும் யாருக்கும் சுருங்காதுன்னு எழுதியிருக்கீங்களே, எப்படி?"

ஆதிமூலம் யோசித்தார். "துணியப் பொறுத்துதும்மா. காட்டன்னா சுருங்கும். டெர்லின் சுருங்காது."

இளைஞனுக்குப் புரையேறியது.

சமையலறையிலிருந்து பாதி பின்னிய சடையோடு அம்சவள்ளி வந்துவிட்டாள்.

"போதும்பா! நான்தாம்மா எழுதினேன். ஓடுற ரயில்ல இருக்கிற அளவுகோல் வெளிய நிக்கிறவங்களுக்குச் சுருங்கித் தெரியும். ஆனா இயற்கையிலேயே இதவிடச் சின்ன நீளம் இல்லன்னு ஒண்ணு இருந்தா? அதுவும் சுருங்கினா, அதவிடச் சின்னது வந்துடுமே! ஒளியோட வேகம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கிற மாதிரி அந்த நீளமும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும். அதுக்குத் தக்கன அந்தச் சுருங்குற விதியத்தான் திருத்தணும். இது புடிக்கலன்னா எனக்குக் கல்யாணமே வாணாம்!"

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றாவது வரனும் போயிற்று. ஆனாலும் மகள் நின்ற நிமிர்வைப் பார்த்தபோது சண்முகசுந்தரத்துக்கு நெஞ்சு விம்மியது. இளைஞனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, அவளுக்குச் சமையலும் வராது. பொய் சொல்லிட்டேன். ஆனா எம்பொண்ணு சுருங்காதுன்னு சொன்னா அது சுருங்காதுங்க!"

அவன் பதறி எழுந்தான்.

"ஐயோ சார், நான் டிரைவருங்க! அம்மாதான் பிசிக்ஸ் புரொபசரு, உங்க பொண்ணு அனுப்பின கட்டுரையப் படிச்சிட்டு ஆராய்ச்சிக்குச் சேத்துக்க வந்திருக்காங்க!"