வாசல் கதவைக் கெடுத்த வைர அரம்

சேந்தமங்கலம்,
சனிக்கிழமை எழுதத் தொடங்கியது.

ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டும் சம்பந்தி கைலாசம் அவர்களுக்கு, சேந்தமங்கலத்திலிருந்து தீர்த்தகிரி கும்பிட்டு எழுதுவது. தாங்களும், சம்பந்தியம்மா சென்னியம்மாள் அவர்களும், தறிகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். தங்கள் மகள் தீபிகா சுகம். ஆடுகள் சுகம். என் மகன் இளவழகனுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனால் அவனைச் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்குக் காரணம் நான்.

முதலில் ஒரு சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கு இடம் இருக்காது. இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் சாரதாமணி டீச்சர் சாயங்காலம் நடத்தும் பெரியவர்கள் வகுப்பில் படித்து, இப்போது பஸ் போர்டு, உர மூட்டை, மாத்திரை அட்டை எல்லாம் வாசிக்கிறேன். சேகோ ஆலையில் ஆயுள் முழுக்க மூட்டை தூக்கினேனே, அந்த மூட்டையின் மேல் என்ன எழுதியிருந்தது என்று போன மாசம்தான் எனக்குத் தெரிந்தது. வேறொன்றுமில்லை, ஜவ்வரிசி என்றுதான் எழுதியிருந்தது. இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். தீபிகா, "எதுக்குங்க மாமா சிரமப்படறீங்க, அப்பாகிட்ட போன்ல சொல்லிரலாமுங்க" என்றது. போனில் தங்கள் குரலைக் கேட்டால் நான் ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். தாள் என்றால் நிதானமாகச் சொல்லலாம், அது குறுக்கே பேசாது.

விஷயம் தங்கள் புது வீட்டு வாசல் கதவு. தீபிகா பிறந்த வருஷம் தாங்கள் கிணற்றோரம் வைத்த தேக்கை வெட்டி, அறுத்து, லாரியில் ஏற்றி இளவழகன் பட்டறைக்கு அனுப்பினீர்கள். கடையில் விற்கும் கதவையே வாங்கிவிடலாம் என்று தங்கள் தம்பி சொன்னதற்கு, "மாப்பிள்ளை தச்சுவேலை செய்யறப்ப நான் எதுக்குடா கடைக் கதவு வாங்கோணும்" என்று அவர் வாயை அடைத்தீர்களாம். அதை இளவழகன் டீக்கடையில், சலூனில், பஸ்ஸில் எல்லாம் சொல்லிப் பூரித்துப் போனான். கிரகப்பிரவேசம் தை வெள்ளிக்கிழமை. அந்த வாசல் கதவின் ஒரு சட்டம் இப்போது பட்டறை மூலையில் அடுப்பிலிருந்து இழுத்த கட்டை மாதிரிக் கிடக்கிறது. மாற்றிப் போட, பூஜையறைக் கதவுக்கு ஒதுக்கியதைத் தவிர வேறு சட்டம் இல்லை, சாமிக்கு உள்ளதைத் தொட முடியுமா, வேறு மரமும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு படியுங்கள்.

கதவுச் சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுப்பதற்கு இளவழகன் ரவுட்டர் என்று ஒரு மிஷின் வைத்திருக்கிறான். அதன் வாயில் விரல் நீளத்துக்கு ஒரு இரும்பு மாட்டுவான், அதற்குப் பிட்டு என்று பெயர். அதற்கு இரண்டு பல். நுனியில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு பேரிங். பேரிங் மரத்தின் மேல் உருண்டுகொண்டே போகும், பல் சுழன்று சுழன்று காடி வெட்டும், அந்தக் காடியில்தான் நடுப்பலகை போய் உட்காரும். தங்கள் தேக்கு நல்ல வைரம் பாய்ந்த தேக்கு, பிட்டு மழுங்கிவிட்டது. சேலத்தில் சாணை பிடிக்கிற இடத்தில் கேட்டால் கிரகப்பிரவேசத்துக்குப் பிந்திய ஒரு தேதி சொன்னார்கள், புதுப் பிட்டோ விலை அதிகம். சாதாரண அரம் அந்தப் பல்லில் ஏறாதாம், வைரப்பொடி ஒட்டிய அரம்தான் ஏறுமாம், அதை வாங்கி வந்து நாமே தீட்டிக்கொள்ளலாம் என்று முடிவானது. யார் போவது என்ற பேச்சு வந்ததும் நான் எழுந்து நின்றேன். "நம்பர் போட்டிருக்கும், படிப்பீங்களாப்பா?" என்றான். "உர மூட்டையே படிக்கறேன், அரம் படிக்க மாட்டனா" என்றேன். "செரி, நைசான நம்பரா ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றான். அதோடு நிறுத்திக்கொண்டான். இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

சேலத்தில் கடைக்காரர் நாலைந்து அரத்தை மேஜை மேல் பரப்பினார். நூற்றைம்பது, நானூறு, அறுநூறு, ஆயிரம் என்று ஒவ்வொன்றிலும் எண் இருந்தது. எல்லா எண்ணையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன், அவரும் தலையாட்டினார். "எதுங்க வேணும்?" என்றார். நைஸ் என்றால் பொடி சின்னதாக இருக்க வேண்டும், பொடி சின்னது என்றால் எண்ணும் சின்னதாகத்தானே இருக்கும் என்று நூற்றைம்பதை எடுத்தேன். அது அங்கிருந்ததிலேயே சொரசொரப்பான அரம். இதை வீட்டில் கேட்டதும் தீபிகா, "நூலு மாதிரிதானுங்க மாமா, நம்பர் ஏற ஏறத்தான் மெல்லிசு" என்றது. தறிக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு அது பாலோடு வந்த அறிவு. எனக்கு மூட்டைதான் தெரியும், மூட்டையில் எண் ஏற ஏறக் கனம்.

வரும் வழியில் இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. வைரம் என்றார்களே, இதை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது. அரத்தைத் துண்டில் சுற்றி மடியில் கட்டி, நாமக்கல் பஸ்ஸில் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவன் உட்கார வந்தான், "ஆள் வருது" என்று பொய் சொன்னேன். கண்டக்டர் வந்து, "ஏனுங்க பெரியவரே, வயித்தக் கலக்குதுங்களா? ராசிபுரத்துல நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். வைரம் வைத்திருக்கிறேன் என்று சொல்ல முடியுமா? ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். ராசிபுரத்தில் பஸ்ஸை நிறுத்தி என்னை இறக்கிவிட்டு, நான் திரும்பி வரும்வரை மொத்த பஸ்ஸும் காத்திருந்தது. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது இளவழகன் கீல் வாங்க நாமக்கல் போயிருந்தான். அவன் வருவதற்குள் தீட்டி வைத்துவிட்டால் எவ்வளவு மகிழ்வான் என்று நினைத்தேன், அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு. ஆட்டுக்குத் தழை அறுக்கும் அரிவாளை எத்தனையோ வருஷமாக நானே தீட்டுகிறேன், தீட்டுவது என்ன பெரிய காரியம். கொஞ்சம் தண்ணீர் விட்டு ஆரம்பித்தேன். தண்ணீர் விட்டது மட்டும் சரி என்று பிறகு இளவழகனே ஒப்புக்கொண்டான். அரிவாளைப் போலவே வெளிப்பக்க வளைவைப் பளபளவென்று வரும்வரை உரசினேன், பிறகு முதுகை உரசினேன், பிறகு திருப்பி உள்பக்கம். முதல் பல்லுக்கு நல்ல தெம்பு இருந்தது. இரண்டாவது பல்லுக்கு வரும்போது தோள் வலித்தது, அதைச் சும்மா ஒரு தடவு தடவி விட்டுவிட்டேன். முடித்ததும் அது வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. தீட்டிய ஆயுதத்தை வெறுமனே வைக்கக் கூடாது அல்லவா, அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு. பேரிங்குக்கு விளக்கெண்ணெய் விட்டேன், பிட்டுக்குச் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தேன், சூடம் காட்டினேன். பொட்டு வைக்க வாகான இடம் பேரிங்தான், வட்டமாக நெற்றி மாதிரி இருந்தது.

இளவழகன் இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வந்தான். பிட்டு மின்னுவதைப் பார்த்தான், "பரவாயில்லையேப்பா" என்று சிரித்தான், பொட்டைத் துணியால் துடைத்துவிட்டு மாட்டினான். பேரிங்குக்குள் போன சந்தனம் துணிக்கு வருமா? அது அங்கேயே எண்ணெயில் ஊறிக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. மிஷினைப் போட்டதும் அது ஊளையிட்டது. ஒரு பல் தேய்ந்தும் ஒரு பல் தேயாமலும் இருந்ததால் அவன் கையையே உதறிக்கொண்டு துள்ளியது, சுற்றாத பேரிங் மரத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புகை கிளப்பியது. அவன் நிறுத்துவதற்குள் ஒரு முழம் போய்விட்டது. தேக்கு கருகுகிற வாசத்துக்குத் தீபிகா அடுப்பில் பாலை விட்டுவிட்டு ஓடி வந்தது. பாலும் பொங்கிப் போனது.

தீபிகா பிட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தது. "மாமா, எந்தப் பக்கமுங்க தீட்டுனீங்க?"

"எல்லாப் பக்கமுந்தான் சாமி. ஒரு பக்கத்த உட்டா நல்லாவா இருக்கும்?"

இளவழகன் அப்படியே மரத்தூள் மேல் உட்கார்ந்துவிட்டான். பிட்டை வாங்கித் திருப்பிக் காட்டி மெதுவாகச் சொன்னான். "உள்பக்கம் தட்டையா இருக்குது பாருங்கப்பா, அத மட்டுந்தான் அரத்து மேல வெச்சு இழுக்கோணும். இந்தப் பல்லுக்கு எத்தன இழுப்போ அந்தப் பல்லுக்கும் அத்தன இழுப்பு. வெளிப்பக்கம் தொட்டா அளவு போயிரும். தீட்டறதுக்கு முன்னாடி பேரிங்கக் கழட்டி வெச்சிரோணும்." அவ்வளவுதான் பேசினான். என்னைத் திட்டவில்லை. சம்பந்தி, அவன் என் அப்பனைப் போல முன்கோபக்காரன், தட்டில் உப்பு குறைந்தாலே கத்துவான். அன்றைக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நான் அன்றைக்கே தூங்கியிருப்பேன்.

அதோடு சும்மா இருந்தேனா என்றால், இல்லை. அவர்கள் சாப்பிடப் போன சமயம் பார்த்துக் கருகிய காடியைச் சுத்தம் செய்யலாம் என்று அதே நூற்றைம்பது அரத்தை எடுத்துத் தேய்த்தேன். கருப்பு போகவில்லை, காடிதான் அகலமானது. அரத்தின் வைரமெல்லாம் தேக்குத் தூளில் அடைத்துக்கொண்டு அதுவும் வழவழவென்று ஆகிவிட்டது. அகலமான காடியைச் சின்னதாக்க வேண்டுமே, அதற்கு என் தொழில் கைகொடுக்கும் என்று நினைத்தேன். ஜவ்வரிசி செய்யும் மரவள்ளிக்கிழங்கு மாவில் கூழ் காய்ச்சி, தாங்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற பதத்தில், மரத்தூளைக் கலந்து காடி முழுக்க அப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஊரில் உள்ள எறும்பெல்லாம் தங்கள் வாசல் கதவில் குடி வந்துவிட்டது. கிரகப்பிரவேசம் அதுகள் முதலில் செய்துவிட்டன. இனிமேல் பட்டறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தீபிகா சொல்லிவிட்டது. நியாயம்தான். அது சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெரிய வார்த்தை வந்தால் எழுதிவிட்டுக் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. தாங்கள் தம்பியின் வாயை அடைத்தது மாப்பிள்ளையை நம்பி. நாளைக்கு அவர் பந்தியில் நின்று, "பாத்தீங்களா அண்ணா, மாப்பிள்ளை வேலைய" என்று கேட்டால், அது மாப்பிள்ளை வேலை இல்லை, சம்பந்தி வேலை என்று சொல்லிவிடுங்கள். என்னைச் சபையில் நிறுத்திக் கேளுங்கள், வந்து நிற்கிறேன். இளவழகனை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். கடைக் கதவு வாங்கிவிட வேண்டாம். வாங்கினால் அவன் தங்கள் வாசல் மிதிக்க மாட்டான், அவனை எனக்குத் தெரியும். மகள் வந்து போக வேண்டிய வீடு.

தங்கள் வீட்டில் பால் பொங்கட்டும், தறிகள் நிற்காமல் ஓடட்டும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி இறங்கட்டும். குழந்தைகளுக்கு என் ஆசி. தங்கள் தம்பிக்கும் ஒரு கும்பிடு, மனசு வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
தலை கவிழ்ந்து நிற்கும்,
தீர்த்தகிரி.

பின்குறிப்பு: இப்படி ஒன்று எழுதலாம் என்று டீச்சர் நேற்றுதான் சொல்லிக்கொடுத்தார். மேலே உள்ளதை இன்று காலை இளவழகனுக்கும் தீபிகாவுக்கும் நானே வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் அன்றைக்கே தங்களுக்குப் போன் போட்டு, கரண்டு ஏறி இறங்கியதில் மிஷின் துள்ளிச் சட்டம் கருகிவிட்டது என்று சொல்லிவிட்டானாம். தாங்களும், "ஆமாங்க மாப்ள, இன்னைக்கு இங்கயும் தறியெல்லாம் ஒரே துள்ளலு" என்றீர்களாம். பூஜையறைக் கதவுக்கு வைத்திருக்கும் சட்டத்தை எடுத்து வாசல் கதவை முடியுங்கள், சாமிக்கு நான் ஒரு திரை நெய்து போட்டுக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டீர்களாம். புதுப் பிட்டு வாங்கிக் கதவை முடித்தாகிவிட்டது, வார்னிஷும் காய்ந்துவிட்டது. கடிதம் எழுதுகிறவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து இதையெல்லாம் என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. இப்போது இதைக் கிழித்துப் போடச் சொல்கிறான். "மாமனாரு படிச்சாருன்னா நான் சொன்னது பொய்யின்னு ஆயிருமுங்கப்பா, எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயி நிக்கறது" என்கிறான். அவன் பொய் சொன்னது எனக்காக. அதனால் மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை, நான் பிட்டைத் தொடவே இல்லை, எல்லாம் கரண்டு செய்த வேலை. ஆனால் பிறந்ததிலிருந்து நான் எழுதிய முதல் கடிதம் இது, கிழிக்கக் கை வரவில்லை. அவனுக்குத் தெரியாமல் தபாலில் போடுகிறேன். ஆகவே விஷயத்துக்காக இதைப் படிக்க வேண்டாம். எழுத்து எப்படி இருக்கிறது என்று மட்டும் பார்த்துப் பதில் போடவும்.