செங்குமிழ்ப் பரணி

வாழ்க பல் வைத்தியர்! ஆயிரம் கடைவாய்ப் பற்களை வேரோடு பெயர்த்த வலக்கரத்தினர், ஈரிருக்கைச் சிறுவிமானத்தின் தனிப்பெருந்தலைவர், ஞாயிறுதோறும் முகில்வீதி உலாவரும் மூக்குக்கண்ணாடி வீரர், எண்ணாயிரம் அடி உயரத்தில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு செங்குமிழைப் பற்றிப் புரிந்த பெரும்போரைக் கேளுங்கள். பெட்ரோல் ஆவிக்கு அதிதேவதையே, எம் நாவில் வந்தமர்க, தும்மாமல் அமர்க.

போருக்கு வித்து, காலைச் சாப்பாட்டின்போது வீடே கேட்க அவர் உரைத்த சூளுரை.

"மாமா, வழியில எங்கயும் பெட்ரோலுக்கு இறங்க மாட்டேன். ஒரே மூச்சுல உங்க சின்ன மக வீட்டுல கொண்டுபோய் விடுறேன்."

இதைக் கேட்ட மைத்துனர் சிரித்தார். சிரித்தபடியே கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் முந்திச் சென்று தங்கை வீட்டு வாசலில் நின்று வரவேற்றால், பல் வைத்தியரின் மானம் கப்பலேறிவிடும்.

உயரே காற்று மெலியும். மெலிந்த காற்றுக்கேற்ப எஞ்சினுக்கு ஊட்டும் பெட்ரோலையும் குறைத்தாக வேண்டும், இல்லையேல் டாங்க் பாதி வழியில் வறண்டுவிடும். செங்குமிழை வெளியே இழுத்தால் பெட்ரோல் குறையும். அளவு மீறினாலோ எஞ்சின் உதறும்.

இழுத்தார் வீரர், நெல்மணியளவு. எஞ்சின் சுழலும் வேகம் காட்டும் சுழற்சிமானியின் முள் பகைவர் கோட்டைமதில் ஏறும் மறவனென மெல்ல மெல்ல ஏறி, நிமிடத்துக்கு இருபத்துநான்கு நூறு சுற்று என்னும் கொடிமரத்தைத் தொடாமலே மூச்சிரைத்து நின்றது. மேலும் இழுத்தார், எள்ளளவு. உடனே எஞ்சின் மதங்கொண்டு உதற, இறக்கைகள் நடுங்க, மடியில் துணிப்பையை அணைத்திருந்த மாமனாரின் முகவாய் ஆட, வீரர் வியர்த்துக் குமிழை உள்ளே தள்ளினார். முள் சரிந்தது, மீண்டும் இழுத்தார், மீண்டும் உதறியது, இவ்வாறு முன்னேறியும் பின்வாங்கியும் முக்கால் மணி நேரம் நடந்த அச்சமரில் டாங்க் முள் ஓசையின்றி இறங்கிக்கொண்டே இருந்தது. முழு விசை கொடுத்தும் முள் கொடிமரத்தைத் தொடவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது, முப்பதாண்டு பேருந்து ஓட்டி ஓய்ந்த மாமனார், அதுவரை வாய் திறவாத மௌனமலை, அடிவானம் நோக்கியபடி திருவாய் மலர்ந்தருளினார்.

"மாப்பிள்ளை, மேகத்துக்குள்ள போனப்ப எஞ்சின்ல பனி பிடிக்கக் கூடாதுன்னு சூடு காத்துக் குமிழை இழுத்துவிட்டீங்களே. அதைத் திரும்ப உள்ள தள்ளவே இல்லையே."

ஈரேழு உலகும் ஒருகணம் நின்றன. செங்குமிழின் அருகே, வெட்கமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது வெஞ்சூட்டுக் கருங்குமிழ். சூடான காற்று இன்னும் மெலிந்த காற்று. அதை ஊட்டிக்கொண்டே எஞ்சினிடம் வலிமை கேட்டிருக்கிறார், மன்னர்மன்னர், மறதிக்கு மாமன்னர். அதை உள்ளே தள்ளிச் செங்குமிழைப் புதிதாய்த் திருக, சுழற்சிமானி முள் வெற்றிமுரசு அதிரப் பாய்ந்தேறிக் கொடிமரத்தைத் தழுவியது. வீரர் வாகை சூடி நிமிர்ந்து, டாங்க் முள்ளைப் பார்த்தார்.

பெட்ரோல் போட வழியில் இறங்கினார்கள்.